மேல்வீட்டு ரஷ்யனுக்குப் பொன்னாடை

எங்கள் சனத்துக்கு ஒருவரைப் பாராட்ட ஒரே வழிதான் தெரியும். பொன்னாடை போர்த்துவது. கவிதை வாசித்தாலும் போர்த்துவார்கள், கதிரை அடுக்கினாலும் போர்த்துவார்கள். ஜெர்மனிக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு விழாவில் ஒருவருக்குப் போர்த்திய சால்வை அடுத்த விழாவில் இன்னொருவர் தோளில் ஏறும். அப்படி ஊர் சுற்றிய ஒன்று, தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போட்டதற்காக அப்பாவுக்குக் கிடைத்து, எங்கள் அலுமாரியில் கிடந்தது. அது ஐஸ் ஹொக்கி விளையாடும் ரஷ்யன் ஒருவரின் தோளுக்குப் போன கதைதான் இது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஹனோவருக்கு ரயிலில் போய் வரக்கூடிய சின்ன நகரம் ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எங்களுக்கு மேல்வீட்டில் அந்த ரஷ்யன் குடிவந்தார். நகரத்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். கோல் போடுவதுதான் அவர் வேலை. கதவு நிறைய உயரம், முன்பல் ஒன்று கிடையாது. அம்மாவுக்கு முதலில் பயம்.

அப்பாவுக்குப் பயமில்லை. ஜெர்மனிக்கு வரும் வழியில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவரை மொஸ்கோவில் ஓர் அறைக்குள் ஒரு குளிர்காலம் முழுக்கப் பூட்டி வைத்திருந்தான். அங்கே மூன்று ரஷ்யச் சொற்கள் படித்திருந்தார்: சாப்பிடுகிற பாண், குளிர், பொலிஸ். படியில் ரஷ்யனைக் கண்டதும் மூன்றையும் வரிசையாகச் சொன்னார். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து சிநேகிதம்.

எங்கள் குசினி மேசையில் தேநீர் குடித்தபடி, என் பள்ளிக்கூட அட்லஸில் விரல் வைத்து, தான் விளையாடிய இடங்களைக் காட்டுவார். மொஸ்கோ. பிறகு அமெரிக்கா, அங்கே பெரிய லீக்கில் கொஞ்சக் காலம், பின்னர் அதே கழகத்தின் துணை அணி. பிறகு பின்லாந்து. பிறகு ஜெர்மனியில் ஒரு பெரிய நகரம். கடைசியில், கூரை ஒழுகும் மண்டபம் உள்ள எங்கள் நகரத்து இரண்டாந்தர அணி. இத்தனை ஊர்கள் ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருக்கின்றனவே என்று நான் வாயைப் பிளந்தேன். ஒவ்வொரு அணியும் முந்தியதைவிடச் சிறியது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. அப்பாவுக்கு விசாவும் ஒரு வருடத்துக்கு. "இன்னும் ஒரு வருசம்!" என்று உடைந்த ஜெர்மனில் சொல்லி இருவரும் கோப்பைகளை முட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு வருடம் கிடைத்தால் மனைவியையும் என் வயது மகளையும் கூப்பிடலாம் என்றிருந்தார் ரஷ்யன். முழங்கால் ஏற்கெனவே பழுது. அவருக்கு இதைவிட்டால் வேறு ஊர் இல்லை. நானும் அந்தப் பிள்ளைக்காக என் பொம்மைகளில் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஞாயிறு ஆட்டங்களுக்கு எங்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு தருவார். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பனித்தளத்தில் அவரைக் காணவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தா. மேலே, கழகத்துப் பெரியவர்கள் இருக்கும் வரிசையில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியே, மனுசனை மனேச்சராக்கிப்போட்டாங்கள்" என்றார் அப்பா.

"அதுதான் இப்ப படியிலை கண்டாலும் கதைக்கிறேல்லை. பதவி வந்தா அப்பிடித்தான்" என்றா அம்மா.

அப்பா வேலை செய்த உணவகத்தில் இறைச்சி பொரித்துக்கொண்டிருந்த ஒருவன் ஒருநாள் கழுத்துப்பட்டியோடு வந்தான். அடுத்த நாள் அவன்தான் மேலாளர். ஆகவே அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

உண்மை வேறு. அந்த லீக்கில் ஓர் அணிக்கு இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் பனியில் இறங்கலாம் என்று ஒரு கணக்கு. கழகம் கனடாவிலிருந்து ஓர் இளைஞனைக் கொண்டுவந்திருந்தது. அவன் இறங்க, எங்கள் ரஷ்யன் மேலே ஏற வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் சேர்க்காதவர்கள் கோட்டுப் போட்டு மேலே இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு. வெளிநாட்டுக்காரரை எண்ணிக் கழிப்பதைத் தன் வாழ்நாளில் அப்பா எத்தனையோ தடவை பார்த்தவர். ஆனால் அதைக் கழுத்துப்பட்டி கட்டிச் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு சால்வை அலுமாரியிலிருந்து இறங்கியது. அம்மா பயற்றம் பணியாரம் சுட்டா. முதல் இடைவேளையில் மூவரும் மேலே ஏறினோம். ரஷ்யன் எங்களைக் கண்டு எழுந்தார். அப்பா தொண்டையைச் செருமிவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் நல்ல ஜெர்மன் எனக்குத்தான்.

"சொல்லு பிள்ளை. எங்கட வழக்கத்திலை, உயர்ந்த பதவிக்கு வந்த ஆளுக்கு இது போடுறது எண்டு."

சொன்னேன். "எந்தப் பதவி?" என்று கேட்டார் ரஷ்யன்.

"நீங்கள் இப்போது முதலாளிதானே. இனி விளையாடத் தேவையில்லைதானே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அப்பாவை. பிறகு, அப்பாவின் கை எட்டுவதற்காக ஒரு படி கீழே இறங்கித் தலையைக் குனிந்தார்.

சால்வை பாதி தோளில் ஏறியபோது, பின்வரிசையில் பியர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் உரக்க ஒன்றைச் சொன்னான். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றா அம்மா.

"சும்மா இருக்கிறதுக்கும் சால்வை குடுக்கினமாம்" என்றேன்.

"ஓம், பெரிய ஆக்கள் கதிரையிலை இருந்துதானே வேலை செய்யிறது" என்று அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பெருமையாகத் தலையாட்டினா.

அப்பாவின் கை நின்றுவிட்டது. அவன் சொன்ன ஜெர்மன் அவருக்கும் விளங்கியிருக்கிறது. ஆனால் விரித்த சால்வையை அத்தனை பேர் முன்னிலையில் மடிக்க முடியுமா? மெல்ல மற்றத் தோளிலும் போட்டு, சுருக்கம் எடுத்துவிட்டார். அம்மா படம் எடுத்தா. ரஷ்யன் சால்வையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அப்பாவுக்குத் தெரிந்த மூன்று சொற்களில் ஒன்றைச் சொன்னார். குளிர் என்ற சொல்.

"ஓம்" என்றார் அப்பா, தமிழில்.

ஐஸ் மண்டபம் குளிராமல் வேறென்ன செய்யும் என்று நான் நினைத்தேன். இரண்டாம் பகுதி ஆட்டம் தொடங்குமுன்பே அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பணியாரப் பெட்டியைக்கூட மறந்துபோனார். அதற்குப் பிறகு நாங்கள் ஆட்டம் பார்க்கப் போகவேயில்லை.

பனி உருகும் காலத்தில் மேல்வீடு காலியானது. எந்த ஊருக்குப் போனார் என்று எவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் புறப்பட்டபோது, பழைய தளபாடங்களை நகரசபை அள்ளிக்கொண்டு போவதற்காகத் தெருவோரம் வைத்திருந்தார்கள். உடைந்த நாற்காலியின் மேல் அவருடைய சறுக்குச் சப்பாத்துகள் இருந்தன. சால்வையைத் தேடிப் பார்த்தேன். அதைக் கொண்டுபோயிருந்தார்.

"அப்பா, முதலாளிக்குச் சறுக்குச் சப்பாத்து எதுக்கு, என்ன?" என்றேன், வாசலில் நின்ற அப்பாவிடம்.

"ஓம் பிள்ளை. நீ போ, நேரமாகுது" என்றார் அப்பா.

எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. பெரிய ஊருக்குப் பெரிய பதவியில் போயிருப்பார், மகளையும் அங்கேயே கூப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். அன்றைக்கு வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் மேல்வீட்டு மாமா இனிமேல் பனியில் இறங்கவே தேவையில்லை.