கந்தகம் தூவிய ஞாயிற்றுக்கிழமை

பசுமைக்குடில் போட்டுப் பூ வளர்க்கிற அத்தனை பேருக்கும் அந்த மருந்தடிப்பவரைத் தெரியும். முப்பது வருடமாக முதுகில் தெளிப்பான். செடியைத் தூர நின்று பார்த்தே என்ன பூச்சி என்று சொல்லிவிடுவார். அதில் மனிதருக்கு ஏகப்பட்ட தலைக்கனம். தங்கை ஒரு ரோஜாக் குடிலைக் குத்தகைக்கு எடுத்தபோதும், "நான் இருக்கேன்ல, உனக்கென்ன கவலை?" என்றுதான் ஆரம்பித்தார்.

கவலை செம்பேனாக வந்தது. இலைக்கு அடியில் ஊசிமுனை அளவு பேன், மெல்லிய நூலாம்படை, மேலே வெளிறிய இலை. இவருடைய மருந்தெல்லாம் அதற்குப் பழகிப்போயிருந்தது. தங்கையோ எங்கெங்கோ விசாரித்து, ரோஸ்மேரி எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் வாங்கி வந்தாள். சோப்புக் கரைசலில் துளித் துளியாக விட்டுக் கலக்கி, பத்துச் செடியில் அடித்துவிட்டு, ஒரு வாரம் லென்ஸும் கையுமாகத் திரிந்தாள். பேன் பாதிக்குமேல் குறைந்திருந்தது. இலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சென்ட்டு அடிச்சா பேன் சாகுமா? மயங்கி வேணா விழும்," என்று கிண்டலடித்தார் அண்ணன்.

அவள் சிரித்துக்கொண்டே, "வர்ற வியாழக்கிழமை குடில் முழுக்க அடிக்கப்போறேண்ணா. அதுவரைக்கும் நீ எதுவும் அடிச்சிடாத," என்றாள்.

சொன்னால் கேட்கிற ஆளா அவர்! ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாத நேரம் பார்த்து, பேனைத் தானே ஒழித்துக்காட்ட, குடில் முழுக்க இலைக்கு அடியில் படும்படி கந்தகத் தூள் தூவிவிட்டு வந்தார். கந்தகம் போட்ட இலையில் இரண்டு வாரத்துக்கு எண்ணெய் படக்கூடாது, பட்டால் கருகிவிடும். தொழிலில் அரிச்சுவடி அது, அவருக்குத் தெரியாததா? புதன்கிழமைக்குள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். சொன்னால் அவளை நம்பவில்லை என்பது வெளியே வந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் எண்ணெய் அடித்தாள். சனிக்கிழமை இலையெல்லாம் பழுப்பு. மொட்டுகள் காம்போடு தொங்கின. தங்கை கருகிய இலையொன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அளவு தப்பிடுச்சோண்ணா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கும். பரவால்ல, விடு," என்றார் பாவி மனிதர்.

அந்த மாதமே அவள் குடிலை விட்டுவிட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது மற்ற குடில்காரர்கள் அதே எண்ணெயை அவரையே அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கிறார், நன்றாகவே கேட்கிறது. ஒவ்வொரு தடவை எண்ணெய் மூடியைத் திறக்கும்போதும் தங்கை புரட்டிப் பார்த்த அந்தக் கருகிய இலை அவருக்கு ஞாபகம் வரும். கடைசியில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தங்கை வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இலைக்கு அடியில மஞ்சளா கந்தகத்தூள் ஒட்டியிருந்துச்சுண்ணா. கருகின இலையைப் புரட்டினப்பவே பாத்துட்டேன். அதான் உன்கிட்டயே கேட்டேன்."

"தெரிஞ்சுமா குடிலை விட்ட? எண்ணெய்மேல தப்பில்லயே. திரும்ப அடிச்சிருக்கலாமே."

"அடிச்சிருக்கலாம். உன்கூட நின்னு வேலை செய்யத்தான் மனசு வரல," என்றாள்.