இருபுறமும் நூற்று மூன்று பாகை

கோடாமை என்பது நீதி வழங்குவோர்க்கு மட்டும் உரிய அறமன்று. எப்பக்கமும் சாயாமல் அளந்து, அளந்ததை உள்ளவாறே உரைக்கும் எவர்க்கும் அது அணி. ஏற்காட்டில் ஒரு கால்நடை மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுத்துவரும் இன்பமேரிக்கும் அவ்வணி உண்டு.

நாய்களின் இடுப்பை அளப்பது அவர் பணிகளுள் ஒன்று. மயக்க மருந்து தந்து, நாயை மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை நேராக நீட்டிப் படம் எடுப்பார். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பின் குழிவுக்குள் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதைத் திரையில் அத்தலையைச் சுற்றி வட்டமிட்டு, அதன் மையத்திலிருந்து கோடிட்டுப் பாகையில் கணிப்பார். இருபுறமும் நூற்றைந்துக்குக் குறையாதிருந்தால் அந்நாய் குட்டி ஈனலாம் என்பது அங்குள்ள வரம்பு. குறைந்தால், தாயின் தளர்ந்த மூட்டு குட்டிகளுக்கும் வரக்கூடும்.

உடல் புரளாதிருக்க மணல்மூட்டைகளை அண்டை கொடுப்பார்கள். இன்பமேரியோ காப்பிக்கொட்டையின் உலர்ந்த தோலை அடைத்துத் தைத்த சாக்குகளையே வைப்பார். நாய்க்கு அவை மெத்தென்றிருக்கும்.

சென்ற ஐப்பசியில் ஒரு திங்களன்று, மாரமங்கலத்துச் சுஜாதா தம் லாப்ரடார் பெட்டையான பவுனைக் கொண்டுவந்தார். அது ஈனும் குட்டி ஒன்றையேனும் வளர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அளவு வலப்புறம் நூற்றொன்பது, இடப்புறம் தொண்ணூற்றேழு. குட்டி வேண்டாம், கருத்தடையே நலம் என்று மருத்துவர் ஜாபெஸ் சொல்லிச் சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்.

மறுநாள் காலை சாக்குகளை அடுக்குகையில் ஒன்று கனத்தது. சன்னலோரம் கிடந்து மூடுபனியின் ஈரம் குடித்து, உள்ளிருந்த தோல் அமுங்கியிருந்தது. இன்பமேரி படத்தை மீண்டும் திறந்தார். இடுப்பெலும்பில் ஒத்திருக்க வேண்டிய இரு துளைகளுள் ஒன்று அகன்றும் மற்றது ஒடுங்கியும் தெரிந்தன. நாய் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதனால் அளவும் பிழைத்திருக்கிறது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதை அவர் பார்க்கவில்லை.

இன்னொரு படம் வேண்டுமென்று போனில் அழைத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார் மருத்துவர். இன்பமேரி பஸ் ஏறி மாரமங்கலம் போய், பிழை தம்முடையது என்று நேரில் சொன்னார். பவுனுக்கு மறுபடியும் மயக்க ஊசியா என்று சுஜாதா கடிந்துகொண்டார். ஆயினும் அவர் முகத்தில் நம்பிக்கை துளிர்த்ததை மறைக்க இயலவில்லை.

வியாழனன்று உலர்ந்த சாக்குகளை வைத்துப் படம் எடுத்தார்கள். துளைகள் இரண்டும் ஒத்திருந்தன. இருபுறமும் நூற்று மூன்று.

அருகில் நின்ற சுஜாதா தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏனுங்கக்கா, ரெண்டுதானுங்களே கொறையுது. அந்த வட்டத்தக் கொஞ்சூண்டு தள்ளி வெச்சா வந்துராதுங்களா? ஒருக்கா தப்பா அளந்தவங்கதானுங்களே நீங்க.”

அவர் சொன்னது மெய்யே. வட்டத்தின் மையத்தை மயிரிழை நகர்த்தினால் இரண்டு பாகை கூடிவிடும், கேட்பார் எவருமில்லை. இன்பமேரி இட்ட கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாக இட்டார். மீண்டும் நூற்று மூன்றே வந்தது.

“அன்னைக்கு நான் வெச்ச சாக்கு சாஞ்சிருச்சு கண்ணு. அதுக்கு எம்மேல கோவிச்சுக்க, நாயம்தான். இன்னைக்கு நானே சாஞ்சேன்னா, பொறக்கற குட்டி எந்திரிக்க முடியாம கெடக்கறப்ப அது யாரைக் கோவிச்சுக்கும்?”

சுஜாதா மேசைமேல் குனிந்தார். மயக்கம் தெளிந்துகொண்டிருந்த பவுனின் காதை நீவியபடி நின்றார்.

“நீங்க பாட்டுக்குப் போன்லயே எதாச்சும் சொல்லியிருக்கலாம். ஊடு தேடி வந்து தப்புன்னு சொன்னீங்க. அதனால இதையும் நம்பறேனுங்க. சனிக்கிழமையே பண்ணிருங்க.”

படிவத்தில் கையொப்பமிடுகையில் அவர் கண் நிறைந்திருந்தது. இன்பமேரி அவரைத் தேற்ற முற்படவில்லை. பவுனைத் தூக்கிச் செல்ல ஒருபுறம் கை கொடுத்தார்.

இத்தகைய கைகளை வளர்த்த குடி தழைக்க. இன்பமேரியின் கணவர் மனுவேலும் மகள் ஸ்டெஃபியும் பிணியின்றி நெடிது வாழ்க. அம்மனையில் விளக்கெரியும் நாளெல்லாம் இறைவன் அருள் குன்றாது நிலைபெறுக.