தம்பி அடிக்காத பந்து

ஞாயிறு மாலை. லா சப்பல் தொடருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் அமர்ந்திருக்கிறேன். சேறு படிந்த காலுறைகளோடும் கையுறைகளோடும் என் மேசைக்கு வருகிறார் கடை உரிமையாளர். ஐம்பத்திரண்டு அகவையிலும் தம் யாழ்ப்பாணத்துக் கல்லூரியின் பழைய மாணவர் கால்பந்தணிக்கு அவரே இலக்குக் காப்பாளர். இன்று வெல்லாவிட்டால் கையுறைகளை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சங்கத்தார் முன்னரே கூறியிருந்தனராம். ஒரு கோல் முன்னிலையில் வென்றுவிட்டார்கள்.

எதிரணியின் இறுதிப் பந்து வீணானது எவ்வாறு என்பதை மேசைமீதே விளக்குகிறார். உப்புக்குடுவை எதிரணியில் ஆடிய தம்பி, சீனிக்குடுவை அதே அணியில் ஆடிய அவனுடைய அண்ணன், என் தேநீர்க்குவளை அவர்.

"தம்பிக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை ஐயா. அடிச்சிருந்தா கோல். நான் அவனை விட்டிட்டு அண்ணைக்காரன்ரை பக்கம் பாய்ஞ்சன்."

"தம்பியே உதைத்திருந்தால்?"

"என்ரை கதை முடிஞ்சிருக்கும். ஆனா அண்ணன் பக்கத்திலை நிக்கேக்கை அவன் அடிக்கமாட்டான், பாஸ்தான் குடுப்பான். குடுத்தான், என்ரை கையுக்கை."

அப்போது தோற்ற உடன்பிறப்புகள் இருவரும் கடைக்குள் நுழைகின்றனர். உரிமையாளர் ஒரே ஒரு தேநீரைக் கொணர்ந்து தம்பியின் முன் வைக்கிறார். தம்பி அதைத் தொட்டும் பாராமல் அண்ணன்பால் நகர்த்துகிறான். உரிமையாளர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நான் தலைவணங்குகிறேன்.

"அண்ணை, உந்தக் கையுறையை இனியாவது கழட்டுங்கோவன்" என்கிறான் அண்ணன் உரிமையாளரிடம்.

"அடுத்த வருசமும் இதுதான். குடி, ஆறப்போகுது" என்கிறார் அவர் அவனிடம்.