குப்புறப் படுத்த பத்து நாள்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் சொல்வார்கள். வயதில் பெரியவர்களுக்கு ஸ்பானர், மற்றவர்களுக்கு ஸ்பானர் அண்ணன். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்கிற மெக்கானிக். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் மனுஷருக்குக் கை சும்மா இருக்காது. நாற்காலியில் உட்காருமுன் அது ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடாவிட்டாலும் திருகாணியை ஒரு முறை முடுக்கிவைப்பார். விருந்துக்குப் போன வீட்டில் கதவு கிறீச்சிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எண்ணெய் கேட்பார்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிரசங்கம் வேறு உண்டு.

"வளர்ந்த மனுஷன்னு இருந்தா நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஃபியூஸ் போடத் தெரியணும். சிலிண்டர் மாத்தத் தெரியணும். ஒழுகுற குழாயை நிறுத்தத் தெரியணும். பள்ளிக்கூடத்துல இதையெல்லாம் விட்டுட்டு என்னத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறாங்களோ."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி, சரி, இன்றைக்கே கற்றுக்கொள்வோம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பாள். எடுத்து இரண்டு நொடி ஆகியிருக்காது. "நகரு, நகரு, நான் பண்றேன்" என்று பிடுங்கிக்கொள்வார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு பல்பைக்கூட முழுசாக மாட்டியதில்லை. மாட்ட விட்டால்தானே? மகன் கதையும் அதுதான். சைக்கிள் செயின் கழன்றால் வண்டியை மூன்று தெரு தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவான். இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். அறையில் விளக்கு எரியவில்லை என்றால் இன்னமும் அப்பாவுக்குத்தான் போன்.

எனக்கு இந்த மாதிரி ஆட்கள் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைப்பானேன். ஊருக்கெல்லாம் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு ஒருவரையும் தொடவிட மாட்டார்கள். இத்தனைக்கும் நல்லவர்கள். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

இப்படிப்பட்டவருக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது பார்வையின் ஓரத்தில் இருட்டாக ஏதோ இறங்கியது. துடைத்துப் பார்த்தார், போகவில்லை. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். வலதும் போனால் வேலை போயிற்று, வண்டி ஓட்டுவது போயிற்று, எல்லாம் போயிற்று. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை முடித்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "அந்தக் குமிழிதான் கிழிஞ்ச இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அது மேல மிதக்கிற பொருள். உங்க முகம் தரையைப் பார்த்து இருந்தாத்தான் சரியான இடத்துல நிக்கும். பத்து நாள் குப்புறப் படுக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக எழுந்தாலும் தலை தொங்கியே இருக்கணும். மல்லாந்து மட்டும் படுத்துடாதீங்க. படுத்தீங்கன்னா அந்தக் கண்ணை மறந்துடுங்க."

"படுத்துக்கிட்டே சின்னச் சின்ன வேலை ஏதாவது செய்யலாமா டாக்டர்?"

"சும்மா இருக்கிறதுதான் உங்க வேலை."

பக்கத்தில் நின்ற மனைவிக்கு முகம் செத்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

கட்டிலின் ஓரத்துக்கு வெளியே தலை வரும்படி குப்புறப் படுத்து, எதிரே சற்று இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலியின் விளிம்பில் தலையணை வைத்து நெற்றியைத் தாங்கிக்கொள்வார். கண்ணுக்கு நேரே தரை. அறையின் கதவு கால் பக்கம் இருந்தது, அதைப் பார்க்க வழியில்லை. முதல் நாளே, மங்கலான இடது கண்ணாலேயே, தரையில் எத்தனை கல் விரிசல் விட்டிருக்கிறது என்று கணக்கெடுத்தாகிவிட்டது. இரண்டாம் நாள் மின்விசிறி லேசாகத் தட்டுவது கேட்டு, "அந்த மேல் மூடி லூஸா இருக்கு, ஏணியைக் கொண்டா" என்றார். கொண்டுவந்தால் யார் ஏறுவது என்று மனைவி கேட்டதும் அடங்கினார். மூன்றாம் நாள் கட்டில் சட்டத்தில் ஒரு திருகாணி விரலுக்கு அகப்பட்டது. அதை நகத்தால் திருகித் திருகி நகம் உடைந்தது. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலையிலிருந்த மனைவி பத்து நாள் விடுப்பு எடுத்திருந்தாள். இவர் போட்ட போட்டில் அலுவலகமே தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம். தொடர்ந்து புஸ்ஸென்று சீறல்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததா இப்படிச் சீறுது?"

"சிங்க்குக்குக் கீழ ஏதோ விட்டுப்போச்சு. தண்ணி அடிக்குது. நீங்க அப்படியே படுங்க."

"மெயின் வால்வை மூடு. பின்பக்க பால்கனியில இருக்கு பாரு."

"அங்க நாலு இருக்கே. எது?"

அவர் வலது கையைக் காற்றில் நீட்டித் திருகிப் பார்த்தார். இருட்டில் போனாலும் கை தானாகப் போய் அந்த வால்வின் மேல் உட்காரும். ஆனால் அது இடமிருந்து எத்தனையாவது?

"மூணாவது. இல்ல, இரு. போன வருஷம் ஒண்ணு மாத்தினேனே, அதுக்குப் பக்கத்துல."

"எதை மாத்தினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் டைட்டா இருக்குமே."

"நான் எதைத் தொட்டிருக்கேன், டைட்டா லூஸான்னு சொல்றதுக்கு?"

ஓடுகிற காலடிச் சத்தம். எங்கோ பக்கத்தில் டக்கென்று ஏதோ இடித்தது. வாளியை உதைத்துவிட்டாள் என்று நினைத்தார். சீறல் சற்று அமுங்கினாற்போல் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

அப்போதுதான் அவர் முகத்துக்கு நேரே தரையில் தண்ணீர் வந்தது. மெல்லிய விளிம்பாக, அவசரமே இல்லாமல், அவர் எண்ணிவைத்த விரிசல்களை ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கினார். தலையைத் தொங்கப்போட்டபடியே போகலாமே. பாத்ரூமுக்குப் போகவில்லையா? பால்கனிக்குப் போய் எது என்று கைகாட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிஷம்.

தான் கைகாட்டுவதோடு நிற்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். நேரே சிங்க்குக்குப் போவார். நகரு என்பார். அந்தச் சின்ன அலமாரிக்குள் தலையை விட்டு மேலே பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழி மல்லாந்து படுப்பதுதான். எத்தனை முறை படுத்திருக்கிறார். யோசிக்காமல் படுத்துவிடுவார், கண் ஞாபகம் பிறகுதான் வரும்.

நெற்றியைத் திரும்பத் தலையணையில் வைத்தார். நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலையில் இரண்டு ஆள் தூக்கும் மோட்டாரைத் தனியாளாகத் தூக்கியிருக்கிறார், அப்போதுகூட இவ்வளவு பலம் தேவைப்படவில்லை. தண்ணீரைத் திட்டினார், டாக்டரம்மாவைத் திட்டினார், ஒன்றும் தெரியாத மனைவியைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். அழுகையும் வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீறல் தேய்ந்து நின்றது. பிறகு அலமாரிக்குள் உருட்டுகிற சத்தம், அவருடைய உதிரிச் சாமான் டப்பாவைக் கவிழ்க்கிற சத்தம், நீளமான அமைதி. கடைசியாக ஈரக்கால்கள் வந்தன. அவர் முகத்துக்கு நேரே, அந்தத் தண்ணீரிலேயே, மனைவி மல்லாந்து படுத்தாள். தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் இருந்ததை அவர் கண்ணுக்குக் கீழே தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன?"

"நட்டு. பிளாஸ்டிக் நட்டு. உடைஞ்சிருக்கா?"

"வெடிச்சிருக்கு. வாரா வாரம் போய் முடுக்கினா வெடிக்காம என்ன செய்யும்? டப்பாவுல இதே மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. கையாலயே திருகினேன். தண்ணியைத் திறந்தும் பார்த்துட்டேன், ஒழுகலை."

"ஸ்பானர் போட்டு இன்னும் ஒரு சுத்து..."

"வேண்டாம்."

அவர் அதோடு விட்டுவிட்டார். இது அந்த வீட்டுக்குப் புதிது.

"எந்த வால்வு?"

"ரெண்டாவது. ஒவ்வொண்ணா மூடிப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

"நாலுதானே இருக்கு. அதுக்கா இவ்வளவு நேரம்? ரூமுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

"முதல்ல உங்க கதவை வெளியில தாழ்ப்பாள் போட்டேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னைப் பூட்டிட்டுப் போனியா? நான் எழுந்திருக்கவே இல்ல. இந்த நாற்காலி நகர்ந்திருக்கான்னு பாரு."

"தெரியும்" என்றாள். "வந்து கதவை இடிக்கப்போறீங்கன்னு காது பூரா இங்கதான் இருந்துச்சு. வால்வைப் பிடிக்கவே முடியலை, கை அப்படி நடுங்குது. நீங்க இடிக்கவே இல்லை. இடிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்குக் கை ஓடுச்சு."