சிவப்பு எந்தக் கைப்பக்கம்

‘ஞாயிறு மாலை. கட்டிங் மாஸ்டர் கப்பலை முடித்துவிட்டார். சிவப்பு இடது, பச்சை வலது. நான் கரையாக நின்றேன்.’

என் பழைய நாட்குறிப்பில் அன்றைய நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தாளின் மேல் ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டதால் தேதியும் ஆண்டும் போய்விட்டன. இதற்குச் சில பக்கங்கள் முன்னால் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் கல்லூரிகள் மூடிக் கிடந்தது பற்றிய குறிப்பு இருக்கிறது. வெகு பின்னால் ஆட்சி மாறிய தேர்தல் வருகிறது. ஆகவே அறுபத்தைந்தின் தொடக்கத்துக்கும் அறுபத்தேழின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறு. அதைவிட நெருக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. தேதி இல்லாத எதையும் நம்பாத எனக்கு, மறக்கவே முடியாத ஒரு மாலைக்குத் தேதி இல்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. தொழுகைக்குப் போகும்போது மட்டும் சட்டை போடுவார். மற்ற நேரமெல்லாம் தானே வெட்டிய பனியன்தான். வேலைக்கு வரும் பையன்களைக் ‘கண்ணு’ என்பார். எல்லாரும் வாய்க்கு வாய் சொல்லும் ‘தம்பி’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. காரணம் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஒரே தம்பி கடலோடு போனவர்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது அது. கொழும்புக் கடை ஒன்றுக்குப் பனியன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து ஒரு பாய்த்தோணி கிளம்பியது. சரக்குக்குத் துணையாகத் தம்பி போனார். வழியனுப்ப அண்ணன் கூடப் போயிருந்தார். பிற்பகலில் தோணி பாய் விரித்தது. மாஸ்டர் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு, ரயிலுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று பொழுது சாயும் நேரத்தில் கடற்கரைக்குத் திரும்பி வந்தார். கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. அசைவே தெரியவில்லை, நின்ற இடத்தில் நிற்பதுபோல் இருந்தன. ‘போயிட்டு வாடா’ என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்து ஊர் வந்துவிட்டார். சரக்கு வந்து சேரவில்லை என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. தோணியும் ஆட்களும் பிறகு கிடைக்கவே இல்லை.

இத்தோடு நின்றிருந்தால் அது ஒரு சாவு. அழுது, ஓதி, நாள்பட ஆறியிருக்கும். இரண்டொரு வருடம் கழித்து மாஸ்டர் கொச்சிக்குப் போனபோது பழைய இரும்புக் கடை ஒன்றில் சிவப்புக் கண்ணாடி போட்ட பித்தளை விளக்கைப் பார்த்திருக்கிறார். அது என்னவென்று கேட்டவருக்குக் கடைக்காரர் விவரம் சொல்லியிருக்கிறார். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எந்த நாட்டுக் கப்பலுக்கும் இதுதான் முறை. ஆகவே, போகிற கப்பலைப் பின்னாலிருந்து பார்த்தால் சிவப்பு நம் இடது கைப்பக்கம் தெரியும். நம்மை நோக்கி வருகிற கப்பலென்றால் வலது கைப்பக்கம் தெரியும்.

மாஸ்டருக்கு நினைவில் இருந்தது வலது கைப்பக்கம்.

அப்படியானால் தோணி போய்க்கொண்டிருக்கவில்லை. ஏதோ கோளாறாகித் திரும்பிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற அண்ணன், அது போகிறதென்று நினைத்து முதுகைக் காட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதிரே படகு போயிருக்கும். வேறு தோணியாக இருக்கக்கூடாதா என்று நானே ஒருமுறை கேட்டேன். ‘அன்னிக்கு வேற எந்தத் தோணியும் பாய் விரிக்கலீங்க. தோணி மொதலாளியே சொன்னாரு’ என்றார். மற்ற தோணிகளை அவர் எப்போதோ கழித்துவிட்டிருந்தார்.

அந்தக் கொச்சி விளக்கை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு கோவை உக்கடம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று எங்கே பழைய கப்பல் சாமான் விற்கிறார்கள் என்று தெரிந்தாலும் போய்விடுவார். செம்பு, பித்தளை, தகரம் என்று ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். சில விளக்குகளில் திரி எரிந்த கரி அப்படியே இருந்தது. ‘ஊடு முச்சூடும் வெளக்கு. கரண்டு போச்சுன்னா பத்தவெக்க ஒண்ணு குடுக்கமாட்டாருங்க, நான் சிம்னியத் தேடோணும்’ என்பார் அவர் மனைவி. பழம்பொருள் ஆசை என்று ஊரில் நினைத்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஒருநாள் அவர் வீட்டில் விளக்குகளைத் துடைக்கக் கூட உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கப்பலின் பக்கவிளக்கு எந்தப் பக்கத்துக்கு என்று அதன் வடிவத்திலேயே தெரியும். பின்தகரம் அந்தப் பக்கத்து மூலையில் பொருந்துகிற மாதிரி மடித்திருக்கும். சிலவற்றில் ஆங்கிலத் தகடும் உண்டு. அவர் தேடியது வலப்பக்கத்துக்கென்று செய்த ஒரு சிவப்பு விளக்கை. உலகத்தில் ஒரே ஒரு கப்பலிலாவது சிவப்பை வலப்பக்கம் மாட்டியிருந்தார்கள் என்றால், தம்பியின் தோணியிலும் அப்படி மாட்டியிருக்கலாம். அப்போது அவர் பார்த்தது போகிற தோணியாகிவிடும். அந்த ஒரு விளக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. சிவப்பு எல்லாம் இடப்பக்கத்துக்கே செய்திருந்தன.

பிறகுதான் கப்பல் கட்டத் தொடங்கினார். தோணி வளைந்து திரும்பும்போதோ, பாய் நடுவில் மறைக்கும்போதோ, போகிற தோணியிலும் சிவப்பு வலதாகத் தெரிய வழி உண்டா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துச் செய்ய வரைபடம் எதுவும் இல்லை. தோணியைத் துறையில் பார்த்த நினைவு மட்டும்தான். பனியனுக்கு அட்டை வெட்டுவதுபோலவே கப்பலுக்கும் வெட்டினார். அட்டையை நடுவில் மடித்து, பாதி உருவத்தை வரைந்து வெட்டி விரித்தால் இரு பக்கமும் பிசகாமல் ஒன்றாக வரும். அந்த அட்டைகளை வைத்து விலா மரங்களை அறுத்தார். மெஷின் ஊசிகள் வந்த பெட்டியின் பலகைதான் மரம். கயிறெல்லாம் முறுக்கி மெழுகு பூசிய நூல். பாய்க்கு முதலில் பனியன் துணியையே போட்டுப் பார்த்தார். அது இழுபட்டுத் தொங்கியது.

“ஏனுங் மாஸ்டர், கப்பலுக்கு ஜட்டி போட்டுட்டீங்களா?” என்றான் தையல் மெஷின்காரன் ஒருவன். “பை வெச்ச பாயா, பையில்லாத பாயா? சொன்னா நானே தெச்சுத் தாரேன்.”

“பை வெச்சே தைடா கண்ணு. கப்பல்காரன் பீடி வெக்கோணுமல்ல.”

“அதெல்லாஞ் செரீங்க, எங்கீங்க வுடப்போறீங்க? நொய்யல்லயா?”

“நொய்யல்ல தண்ணி வரட்டும், மொதல்ல உன்னையத்தான் ஏத்தி உடறேன்.”

இப்படி அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் கை மறுபடி மரத்தைத் தேய்க்கும். பாய்க்குக் கடைசியில் மாவு மூட்டைத் துணியைப் போட்டார். இரண்டு கை விரித்த நீளத்துக்குத் தோணி உருவாயிற்று. உடைந்த கண்ணாடி வளையல்களிலிருந்து சிவப்புத் துண்டும் பச்சைத் துண்டும் எடுத்துச் சின்னத் தகரக் கூட்டில் பொருத்தி, உள்ளே எண்ணெய்த் திரி வைத்தார். பாய்த்தோணிகளில் நீராவிக் கப்பலைப் போலத் தகரம் அடைத்த விளக்கு இல்லை, எந்தப் பக்கமிருந்தும் தெரிகிற சாதா விளக்குதான் என்று தோணி முதலாளி சொல்லியிருந்ததால் அவரும் பின்பக்கத்தை அடைக்கவில்லை.

அந்த ஞாயிறு கம்பெனியில் வேலை இல்லை. கட்டிங் மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேல் தோணியை வைத்தார். சன்னல்களில் துணியைத் தொங்கவிட்டார். அவர் மனைவி டீ கொண்டு வந்திருந்தார். பூட்டிய கம்பெனிக்குள் கணவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவும் வந்திருந்தார்.

“கணக்குப்புள்ளே, நீங்கதானுங்க கரை. அந்தக் கடைசிக்குப் போயி மேசை மட்டத்துக்குக் கண்ண வெச்சுக்கோங்க.”

“கரை டீ குடிக்கலாங்களா?” என்றேன். அந்த அம்மா சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

திரிகளைப் பற்றவைத்து, தோணியின் பின்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பினார். “இது போவுதுங்க. சிவப்பு எந்தக் கை?”

“எடதுங்க.”

மெல்லத் திருப்பினார். ஒரு நிலையில் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் தெரிந்தது. சாய்த்தார், பாயை இழுத்தார், தளர்த்தினார், மறுபடி பின்பக்கத்தைக் காட்டினார். போகிற தோணி எப்படிச் சாய்ந்தாலும் சிவப்பு இடதுதான். கடைசியில் முன்பக்கத்தை என்னை நோக்கித் திருப்பி, மேசையின் மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு வெளிச்சமும் சேர்ந்து தெரிந்தன. அசைவு தெரியவில்லை, நின்ற இடத்தில் நிற்பதுபோலவே இருந்தன, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தன. எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது.

“சிவப்பு?”

நான் சன்னல் துணியைப் பார்த்தேன்.

“சொல்லுங்க.”

“வலதுங்க.”

தோணியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்போது அவர் மனைவிதான் பேசினார்.

“இவருக்கு வலது ஏதுங்க, எடது ஏதுங்க? பையனுக்குக் காது வலின்னு மருந்து ஊத்தச் சொன்னா நல்ல காதுல ஊத்துன மனுசன். உள்பக்கமாவே பாத்துப் பாத்து எல்லாமே திரும்பிப் போச்சு.”

இது வெறும் கேலி அல்ல. துணியின் முகத்தில் கோடு படக்கூடாதென்று, உள்பக்கத்தை மேலே வைத்து, கழுத்துப் பக்கம் தம்மை நோக்கியிருக்க, அதன் மேல்தான் எங்கள் கம்பெனியில் அடையாளம் போடுவார்கள். பை வைத்த பனியனில் பை, அணிகிறவரின் இடது மார்பில் வர வேண்டும். மேசையில் அதை வலதில் குறிக்க வேண்டும். புதுப் பையன்கள் இதில் தவறாமல் தவறுவார்கள். மாஸ்டர் தவறியதே இல்லை. ஏனென்றால் அவர் தலைக்குள் இரண்டு பக்கமும் எப்போதும் இடம் மாறியே இருந்தன. மேசையை விட்டு வந்த பிறகும் அவை தம் இடத்துக்குத் திரும்பாமல் போவதுண்டு.

“அன்னிக்கும் திருப்பித்தான் மனசுல வெச்சிருப்பீங்க” என்றார் அந்த அம்மா. “அது போன தோணிதானுங்க. உடுங்க.”

மாஸ்டர் தொய்ந்திருந்த பாயை இழுத்துக் கட்டினார். “வலது எடதுன்னு நான் நெனவுல வெக்கல. கொடெ இருந்த கைப்பக்கம் சிவப்பு. கொடெயத் தூக்கித்தான் போயிட்டு வாடான்னேன். கொடெ நுனி சிவப்பு மேல பட்டுது.”

“கொடெ எந்தக் கையிலீங்க?” என்று கேட்டேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அவருடைய வலது கட்டைவிரல் வீங்கி மடங்கிப் போயிருந்தது. விரல் கெட்ட பிறகு குடை, பை எல்லாம் இடது கையில்தான். கெடுவதற்கு முன்னால் வலது கையில். அன்று விரல் கெட்டிருந்தால் குடை இடதில், சிவப்பும் இடதில், தோணி போனது. நன்றாக இருந்திருந்தால் தோணி வந்தது.

“வெரல் அதுக்கு முந்தியே போயிருச்சுங்க” என்றார் மனைவி, கொஞ்சமும் தயங்காமல்.

“பொறகுதான் போச்சு.”

“முந்தியேதானுங்க. ஒத்தடம் குடுத்தவ நானு.”

மாஸ்டர் குனிந்து இரண்டு திரிகளையும் விரலாலேயே அணைத்தார். சன்னல் துணியை எடுத்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அதன்பின் அவர் விளக்கு வாங்கப் போகவில்லை. கப்பலைப் பரணில் ஏற்றிவிட்டார். வேலையில் குறை வைக்கவில்லை. கேலிக்குக் கேலி பேசினார். ஆனால் மழை நாளில் கம்பெனி வாசலில் நின்று குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், ஒரு நோன்பு மாதம் முடிந்த கையோடு அவர் காலமானார்.

என் வழக்கப்படி நான் விசாரித்தேன். அவரோடு மேசையில் நின்ற ஒருவர், விரல் கெட்டது ஒரு பெரிய ஆர்டர் வந்த வருடம், தம்பி போனதற்கு வெகு பின்னால் என்றார். நெருப்பெரிச்சல் ஊரில் இருந்த இன்னொருவர், தான் வேலைக்குச் சேரும்போதே மாஸ்டருக்கு விரல் அப்படித்தான் இருந்தது என்று அடித்துச் சொன்னார். எப்போது சேர்ந்தீர்கள் என்றால் அவருக்கு ஆண்டு தெரியவில்லை. கடைசியாக அந்த அம்மாவிடமே கேட்டேன். “என்னெயக் கேக்காதீங்க. அன்னிக்கு அதச் சொல்லோணும், சொன்னேன்” என்றார். நான் எழுந்து செருப்பைப் போடும்போது, “பொய்யின்னு சொல்லலீங்க” என்றார்.

இப்போது அந்த அம்மாவும் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் அந்த மாலை கட்டிங் மாஸ்டர் எந்தக் கையில் குடை வைத்திருந்தார் என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.