பின்னறைக்கு எட்டாத இணைப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் நான், எழுதிப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய தயக்கம், சாமியைக் குறை சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பது. குறை சொல்லவில்லை. இன்று காலையும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்கூடம், நடுவில் வானம் தெரியும் முற்றம், அதன் ஓரத்தில் சுவருக்குள் குடைந்த சாமி அலமாரி, பிறகு சமையலறை, கடைசியில் பின்னறை. சுவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பு.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். பதில் நாக்குவரை வந்து நின்றுவிடும். குளியலறை பக்கத்தில் இருப்பதால் அவள் கட்டிலைப் பின்னறையில் போட்டோம். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு தமிழ்ப் பெண், வாரத்தில் இரண்டு காலைகள் காணொளியில் வந்து சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. ஆரம்ப மாதங்களில் விட்டுவிட்டால் பிறகு பேச்சு திரும்புவது கஷ்டம் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. அந்த இணைப்பு அறுந்துபோகாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

முன்கூடத்துக்கு வரும் இணைய லைன் பின்னறைக்கு எட்டவில்லை. கைப்பேசி டேட்டாவும் அங்கே ஒரு கோடுதான் காட்டும். கோலாலம்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் மெஷ் என்று சொல்லும் மூன்று வெள்ளைப் பெட்டிகளை வாங்கி அனுப்பினாள். அன்னதானத்தில் சாம்பார் வாளி கைமாறிப் போவது போல, முன்பெட்டி நடுப்பெட்டிக்குக் கொடுக்கும், நடுப்பெட்டி பின்பெட்டிக்குக் கொடுக்கும். விளக்கு வெள்ளையாக எரிந்தால் நல்லது, ஆரஞ்சு என்றால் பலவீனம், சிவப்பு என்றால் அறுந்துவிட்டது.

நடுப்பெட்டியைச் சாமி அலமாரிக்குள் வைத்தேன். வீட்டின் நடுவில் பிளக் இருந்தது அங்கே மட்டும்தான், சீரியல் விளக்குக்காகப் போட்டது. சமையல் புகையும் படாது. சாமி பக்கத்தில் இருப்பதும் நல்லதுதானே என்று பட்டது. சந்தனம் குங்குமம் வைத்து, படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"அப்பா, நடுவுல வைங்கன்னு சொன்னா சாமி மடியிலயா வைப்பீங்க?" என்று சிரித்தாள். "பொட்டு வச்சு லைட்ட மறைச்சிடாதீங்க. கலரு தெரியணும்."

"கலரெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. முருகன் பாத்துக்குவான்."

அலமாரிக்கு அப்போது வெறும் மரக்கதவுதான், திறந்தவுடன் பார்த்தால் ஆரஞ்சு எரியும். ஆனால் அறுந்ததில்லை. பயிற்சிப் பெண் திரையில் ஒரு சீப்பின் படத்தைக் காட்டுவார், கோப்பையின் படத்தைக் காட்டுவார். என் மனைவி உதட்டைக் குவித்து, கண்ணை மூடி, பெரும்பாடு பட்டு, ஒரு நாள் "பூ" என்றாள். இன்னொரு நாள் "தண்ணி" என்று முழுதாகச் சொன்னாள். அன்று பின்னறையில் நான் அழுதேன். அவள் இடது கையால் என் தலையில் தட்டி, அழாதே என்று சைகை செய்தாள்.

அந்த மகிழ்ச்சியில்தான் நேர்ந்துகொண்டேன். இவளுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பட்டும், உன் அலமாரிக் கதவுக்குப் பித்தளைத் தகடு அடிக்கிறேன் என்று. வேண்டுதலைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. பேச்சு திரும்பும் முன்பே செய்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறைக்காரர் இரண்டு கதவுகளுக்கும் மயிலும் வேலும் தட்டி முழுத் தகடு போர்த்திக் கொடுத்தார். கோயில் நடை போலவே இருந்தது.

அதற்குப் பிறகு காலை இணைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது.

பயிற்சிப் பெண் "அம்மா, இது என்ன?" என்று கேட்டபடி படத்தைத் தூக்கும்போது திரை உறைந்துவிடும். அவர் முகம் வாய் பாதி திறந்தபடி அப்படியே நிற்கும். என் மனைவி சொல்ல முயன்ற சொல்லை அரைகுறையாகச் சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்ப்பாள். அங்கிருந்து பதில் வராது. தான் சொன்னது தப்பு, அதனால்தான் அந்தப் பெண் இப்படி வெறித்துப் பார்க்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் எவ்வளவோ சொன்னேன். "லைன் போச்சும்மா, நீ சரியாத்தான் சொன்னே" என்பேன். அவள் கண் என்னை நம்பவில்லை.

நான் பின்னறையிலிருந்து ஓடுவேன். வீட்டுக்குள் போடும் செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரிக் கதவைத் திறப்பேன். சிவப்பு எரியும். கையைக் கூப்பி, முருகா, ஒரு அரை மணி நேரம் கொடு என்று வேண்டுவேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஆரஞ்சாகும், ஆரஞ்சு வெள்ளையாகும். பூசை நேரம் தவிர நடையைத் திறந்துபோட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கதவைச் சாத்திவிட்டு ஓடுவேன். பின்னறையில் இணைப்பு சிறிது நேரம் ஓடும். மறுபடி அறுந்துவிடும்.

கும்பிட்டால் வருகிறது என்று நான் நம்பினேன். கோயிலில் பூக்கட்டும் அக்காவிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப இன்னும் நல்லாக் கும்பிடுங்க தம்பி," என்றார் அவர். "சஷ்டி விரதம் புடிங்க."

பிடித்தேன்.

கும்பிடுவதோடு நிறுத்தவில்லை, செய்யவேண்டியதையும் செய்தேன். மூன்று பெட்டிகளையும் அணைத்து முன்னிருந்து வரிசையாகப் போட்டேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். மகள் அங்கிருந்தே செயலியில் சேனலை மாற்றினாள், புதுப்பிப்பு போட்டாள். அவள் பேசுவது பெரும்பாலும் சாயந்திரம், வேலை முடிந்து. அது விளக்கேற்றும் நேரம். "இப்பப் பாருங்கப்பா, எல்லாம் வெள்ள. ஒரு கொறையும் இல்லயே," என்பாள்.

பெட்டிகளைப் பொருத்தும் ஒரு தம்பி சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டு தடவை வந்தார். சிவப்பு எரிகிறது என்று நான் கூப்பிட்டுக் காட்டப் போனால், பெட்டியைக் காட்டக் கதவைத் திறக்கவேண்டும். அவர் குனிந்து பார்த்து, கைப்பேசியில் வேகம் சோதிப்பதற்குள் வெள்ளையாகிவிடும்.

"அங்கிள், ஃபுல்லா இருக்கு லா," என்றார்.

"நீங்க போனதும் போயிடும் தம்பி."

"அப்ப நான் இங்கயே தங்கிடவா? ஆண்ட்டிகிட்ட கேட்டு ஒரு பாய் போடுங்க."

பின்னறையிலிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்துக் கேட்டது அதுதான் கடைசி என்று இப்போது நினைக்கிறேன். பழைய வீடு, சுவர் தடிப்பு, கேபிள் இழுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி போனார். பாரம்பரியக் கட்டடம், சுவரில் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரச் சீனர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சக்கர நாற்காலியில் அவளை முன்கூடத்துக்கே கொண்டுவந்தும் பார்த்தோம். வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாய் கோணிய முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் கெப்பாலா பத்தாஸில் என் அண்ணன் இறந்துபோனார். தீட்டு. கருமாதி முடியும்வரை வீட்டில் விளக்கு இல்லை, அலமாரியைத் திறக்கவும் இல்லை. அந்த நாட்களில் இணைப்பு சாயந்திரமும் வரவில்லை. மகள் முகத்தைக்கூட என் மனைவியால் பார்க்க முடியவில்லை. சாமியைக் கும்பிடாததால் இப்படி என்று நான் நினைத்தேன். காலைப் பயிற்சி வரிசையாக வீணானது.

கருமாதி முடிந்த மறுநாள் வீட்டைக் கழுவினோம். பித்தளை மங்கியிருந்தது. இரண்டு கதவுகளையும் கொக்கியிலிருந்து கழற்றி, முற்றத்தில் போட்டு, புளி வைத்துத் தேய்த்தேன். காலையிலிருந்து மத்தியானம்வரை அலமாரி திறந்தே கிடந்தது. இன்னும் விளக்குகூட ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. நடுப்பெட்டி வெள்ளையாக எரிந்தது. அன்று மகளுக்கு விடுமுறை, பின்னறையில் காணொளியில் அவள் அம்மாவிடம் ஏதேதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

கதவுகளை மாட்டிச் சாத்தினேன். பின்னறையில் மகளின் குரல் நின்றது.

திறந்தேன். வந்தது. சாத்தினேன். நின்றது.

புளிக்கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பக்கமும் தடிச் சுவர், நான்காவது பக்கம் அலையை வெளியே விடாத முழுப் பித்தளை. அவள் பேசுவதற்காக நான் கொடுத்த காணிக்கைதான் அவள் பேச்சை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் கும்பிட்டதால் ஒரு நாளும் இணைப்பு வரவில்லை. கும்பிடக் கதவைத் திறந்தேன், அதனால் வந்தது.

மகளிடம் சொன்னேன். "நீங்க நல்லதுக்குத்தானப்பா செஞ்சீங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பெட்டியை எடுத்து முற்றத்து ஓரம் ஒரு முக்காலியில் வைத்து, நீளமான ஒயரில் மின்சாரம் கொடுத்தேன். மூன்று விளக்கும் வெள்ளை. பயிற்சிப் பெண்ணிடம் கெஞ்சி மறுபடி நேரம் வாங்கினேன். அன்று படம் கண்ணாடி போல வந்தது. "அம்மா, நல்லா இருக்கீங்களா? இது என்ன, சொல்லுங்க பாப்போம்," என்று பூவின் படத்தைக் காட்டினார். என் மனைவி திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் கண் சிமிட்டினார், சிரித்தார், காத்திருந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவை நான் கைப்பேசியை எடுத்தபோதே இடது கையால் தள்ளிவிட்டாள். வரிசையில் வேறு நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று பயிற்சிப் பெண் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"பூ"வும் இல்லை, "தண்ணி"யும் இல்லை. தாகம் என்றால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். நான் போவேன்.

போன தைப்பூசத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி தண்ணீர்ப் பந்தலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே அண்ணே அது? முருகனுக்குப் பித்தளைக் கதவு போட்டீங்களாம், கதவத் தொறந்ததும் அக்கா வாய் தொறந்து பேசிட்டாங்களாம். எங்க வீட்டுக்காரரும் படுத்துக் கெடக்கார். நானும் போடலாம்னு இருக்கேன்." பூக்கட்டும் அக்காவிடம் நான் பெருமையாகச் சொன்னது வாய்க்கு வாய் மாறி இப்படி வந்திருக்கிறது. அவர் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பெண்மணியை மறுபடி பார்க்கவில்லை. அதனால்தான் எழுதினேன். சாமி பெயரால் பொய் பரவக்கூடாது. இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், கோயிலில் சொல்லுங்கள், நோயாளி இருக்கும் வீடுகளில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். கேட்கிறவர் மனம் நோகுமே என்று முடிவில் எதையும் சேர்க்கவேண்டாம். கதவு திறந்தது, இணைப்பு வந்தது, அவள் பேசவில்லை.