நிலாவில் குடியிருப்பதாக ஒப்புக்கொண்ட மலாக்காக்காரர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் நான் சிரம்பான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். மலாக்காவில் என் வேலையைப் பார்ப்பவர் லீவில் போனதால், ஒரு நாளைக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். கோர்ட்டு வேலையாக மலாக்கா போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு பஸ். ஐம்பது மைல், கட்டணம் இரண்டு வெள்ளி, இரண்டரை மணி நேரம். அதில் அரை மணி, டிரைவர் தன் மச்சான் வீட்டில் ஒரு சேவலை இறக்கிவிட்ட நேரம். "அண்ணே, கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றேன். "கோர்ட்டு எங்கயும் ஓடிடாது தம்பி" என்றார்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு முஸ்லிம் அன்பரின் மளிகைக்கடையில் வழி கேட்டேன். "யாருக்குப் பேச வந்திருக்கீங்க?" என்றார். ஊருக்குள்ளேயே கஜா பேராங் பகுதியில் குடியிருக்கும் பிள்ளை என்பவருக்கு என்றேன். "கஜா பேராங்கா? அவங்க ஆளுங்க வந்துண்ணே..." என்று ஆரம்பித்தார். வழக்கைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தேன். அந்த விறைப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கூண்டில் நின்றவர் நாராயணசாமி பிள்ளை. ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி. சைக்கிள் திருட்டு வழக்கு. ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் உள்ளே. வக்கீல் கிடையாது. குற்றச்சாட்டை நல்ல தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரித்த முகமாகத் தலையாட்டினார். புரிகிறதா என்றேன், ஆட்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றேன், அதற்கும் ஆட்டினார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்கு எங்கோ இடித்தது. "உங்கள் பெயர் என்ன?" என்றேன். தலையாட்டினார். "ஐயா, நீங்கள் நிலாவிலா குடியிருக்கிறீர்கள்?" என்றேன். இன்னும் பலமாக ஆட்டினார்.

மாஜிஸ்திரேட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவர் நிலாவில் குடியிருப்பதையும் ஒப்புக்கொள்கிறார். நான் பேசுவது ஒன்றும் இவருக்குப் புரியவில்லை."

முதலில் சிரித்தவர் வழக்கை நடத்திய மலாய் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் இவர் மலாயில்தான் பேசினார் என்றார். மொழி கோர்ட்டின் பாடு என்று பேசாமல் இருந்துவிட்டாராம். பினாங்கிலிருந்து புதிதாக மாறிவந்த குமாஸ்தாவோ பெயரை மட்டும் பார்த்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிவிட்டார். பிள்ளை, நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சமான மலாக்கா செட்டிகளில் ஒருவர்; அவர்கள் பெயரிலும் கோயிலிலும் நம்மவர்கள், பேச்சில் தலைமுறைகளாக மலாய். மளிகைக்கடைக்காரர் சொல்ல வந்ததும் அதைத்தான்; மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கே அது தெரியவில்லை.

கேண்டீனில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மலாய் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்தார்கள். பிள்ளை மடமடவென்று பேசினார். கோயில் வாசலில் இரண்டு கறுப்புச் சைக்கிள்கள் நின்றன, மாற்றி எடுத்துவிட்டேன், என்னுடையது இன்னும் அங்கேதான் நிற்கும் என்றார். தன் வழக்கு கெடுமே என்று பார்க்காமல் இன்ஸ்பெக்டரே ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். நாற்பது நிமிடத்தில் கான்ஸ்டபிள் அந்தச் சைக்கிளை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும், புகார் கொடுத்தவரே எது தன்னுடையது என்று குழம்பினார். வழக்கு வாபஸ்.

பிள்ளை என்னைப் பின்சீட்டில் ஏற்றி, ஒன்றரை மைல் மிதித்து, கஜா பேராங்கில் தன் வீட்டில் சோறு போட்டார். ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள் என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் சொன்னது நம் பேச்சில் இப்படி வரும்: "எனக்காக அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. புரியலேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்கு அவமானமா இருக்காதா?"

அவர் போட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

திரும்பும் கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. கோர்ட்டு வேலையாகப் போகிறவர்கள் இன்ஸ்பெக்டரோடும் குமாஸ்தாவோடும் முன்கூட்டியே ஒரு காப்பி குடியுங்கள். கூண்டில் நிற்கப்போகிறவர் வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று கேளுங்கள். சும்மா தலையாட்டுகிறவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்டிருந்தால், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் மூன்று மாதம் ஜெயிலில் இருந்திருப்பார்.